ரோஸ் பேர்ட்: வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பிய தலைமை நீதிபதி. சரியா, தப்பா?

#1 | பே ஏரியா வாசி

கலிஃபோர்னியாவில் கவர்னர் தேர்தல் நடக்கும் வருஷங்களில் பேலட்டில் ஒரு பகுதி வரும். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் பெயரைப் போட்டு, இவர் பதவியில் தொடரலாமா, ஆம் / இல்லை என்று கேட்டிருப்பார்கள். எதிர்த்து நிற்க ஆள் கிடையாது, கட்சிப் பெயரும் இருக்காது. என் நட்பு வட்டத்தில் பாதிப் பேர் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள், மீதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' போடுவார்கள்.

1934-இல் அரசியல் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்த முறை இது. கவர்னர் ஒருவரை நியமிப்பார். தலைமை நீதிபதி, அட்டர்னி ஜெனரல், மேல்முறையீட்டு நீதிமன்ற மூத்த நீதிபதி ஆகிய மூன்று பேர் கொண்ட ஆணையம் ஒப்புதல் தரும். அடுத்த கவர்னர் தேர்தலில் மக்கள் ஆம்/இல்லை சொல்வார்கள். முழுப் பதவிக்காலம் 12 வருஷம். இத்தனை காலத்தில் மக்கள் 'இல்லை' சொன்னது ஒரே ஒரு தேர்தலில்தான், 1986 நவம்பரில். அன்றைக்கு மூன்று பேர் போனார்கள். முதல் ஆள் தலைமை நீதிபதி ரோஸ் எலிசபெத் பேர்ட்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1936-இல் அரிசோனாவின் டூசான் பக்கம் பிறந்தவர். அப்பா சீக்கிரமே இல்லாமல் போக, அம்மா தொழிற்சாலை வேலை பார்த்து நியூயார்க் பக்கம் வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். பேர்ட் 1965-இல் பெர்க்லியில் சட்டம் முடித்தார். சான்டா கிளாரா கவுண்டியில் முதல் பெண் பப்ளிக் டிஃபெண்டர். அதாவது வக்கீல் வைக்க வசதியில்லாத, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அரசு செலவில் வாதாடுபவர். 1974-இல் கவர்னர் வேட்பாளர் ஜெர்ரி பிரவுனின் பிரசாரத்தில் அவருக்குக் கார் ஓட்டிய தன்னார்வலர்களில் ஒருவர். பிரவுன் ஜெயித்ததும் விவசாயம், சேவைகள் துறைக்குச் செயலாளர் ஆனார். கலிஃபோர்னியா அமைச்சரவையில் முதல் பெண் இவர்தான். 1977-இல் நேராகத் தலைமை நீதிபதி. அப்போது வயது 40, அதுவரை ஒருநாள்கூட நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அந்த நீதிமன்றத்தில் முதல் பெண்ணும் அவரே.

என் கேள்வி: 1986-இல் மக்கள் செய்தது சரியா?

#2 | ரசம்சாதம்

சரிதான். இதில் யோசிக்க என்ன இருக்கு?

அவர் முன்னால வந்த மரண தண்டனை வழக்குகள் 61. அறுபத்தொண்ணுலயும் தண்டனையை ரத்து பண்ணத்தான் ஓட்டுப் போட்டார். ஒண்ணுலகூட விசாரணை ஒழுங்கா நடக்கலையா? ஒரு ஜூரிகூடச் சரியா முடிவு எடுக்கலையா? 61-க்கு 61-ன்னா அது தீர்ப்பு இல்ல பாஸ், கொள்கை. கொள்கை வச்சுக்கறவங்க சட்டசபைக்குப் போகணும்.

மரண தண்டனை வேணும்னு 1972-லயே ஓட்டுப் போட்டாங்க ஜனங்க. 1978-ல மரண தண்டனையை இன்னும் விரிவாக்கின புரொபோசிஷன் 7-க்கு (ஜனங்களே நேரா ஓட்டுப் போட்டுக் கொண்டுவர்ற சட்டம்) எழுபது சதவீதத்துக்கு மேல ஆதரவு. அதைக் கண்டுக்காத நீதிபதியை அதே ஜனங்க அனுப்பிட்டாங்க, அவ்வளவுதான்.

#3 | கறுப்புக்கோட்டு

வக்கீல் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, கலிஃபோர்னியாவில் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒவ்வொரு வழக்கும் தானாகவே மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்துவிடும். குற்றவாளி வேண்டாம் என்று சொன்னாலும் வரும். ஆக 61 என்பது அவர் தேடிப்போய் எடுத்த வழக்குகள் அல்ல. தண்டனையை ரத்து செய்தால் ஆள் வெளியே நடந்து போய்விடுவான் என்பதும் பிரசாரத்தில் பரவிய பிரமை. பல வழக்குகளில் குற்றத்தீர்ப்பு அப்படியே நிற்கும், தண்டனைப் பகுதி மட்டும் திரும்பப் போகும்.

இரண்டாவதுதான் முக்கியம். நீங்கள் சொல்லும் 1978 புரொபோசிஷன் 7. மாநில செனட்டர் ஜான் பிரிக்ஸ் கொண்டுவந்த அந்தச் சட்டம், ஏற்கெனவே 1977-இல் சட்டசபை போட்டிருந்த சட்டத்தைவிடப் பரந்த வலை வீசியது. எந்தெந்தக் கொலைக்கு மரண தண்டனை என்ற பட்டியலை நீட்டினார்கள், ஆனால் சொற்கள் பல இடத்தில் தெளிவில்லை. உதாரணமாக, கடையில் கொள்ளையடிக்கப் போன இடத்தில் ஒருவர் செத்துப்போகிறார். கொல்லும் நோக்கம் இருந்ததா என்று ஜூரி பார்க்க வேண்டுமா, வேண்டாமா? சட்டத்தை வாசித்தால் இரண்டு பக்கமும் வாதாடலாம். 1983-இல் கார்லோஸ் வழக்கில், நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன் நடந்த விசாரணைகளில் எந்த ஜூரிக்கும் அப்படி அறிவுறுத்தியிருக்க மாட்டார்கள். எப்படி அறிவுறுத்துவார்கள், விதியே அப்போதுதானே வந்தது? அதனால் வரிசையாக ரத்தாயின.

ஒரே ஓட்டை இருக்கும் சட்டத்தின் கீழ் நடந்த எல்லா வழக்கிலும் அதே ஓட்டை இருப்பதில் என்ன ஆச்சரியம்?

#4 | ரசம்சாதம்

சார், கார்லோஸ் என்ன ஆச்சுன்னும் சேர்த்துச் சொல்லுங்க. 1987-ல ஆண்டர்சன் வழக்கில் அதே நீதிமன்றம் அதைத் தூக்கிக் கடாசிருச்சு. எழுதினது யாரு? ஸ்டான்லி மாஸ்க். டெமாக்ரட், பேர்ட் கூடவே உட்கார்ந்திருந்த லிபரல் நீதிபதி. பேர்ட் போன மறுவருஷமே.

#5 | கறுப்புக்கோட்டு

மறுக்கவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள். 1982-இல் எண்மண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தானே கொல்லாத, கொல்ல நினைக்காத கூட்டாளிக்கு மரண தண்டனை கூடாது என்றது. அதன் வெப்பத்தில் வந்தது கார்லோஸ். 1987 ஏப்ரலில் டைசன் வழக்கில் வாஷிங்டனே அந்த விதியைத் தளர்த்தியது. அதற்குப் பிறகு வந்தது ஆண்டர்சன். மேலே இருந்தவர்கள் நிலை மாறியதும் கீழே மாறியது. 1983-இல் இருந்த நீதிபதி 1987 தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதியிருக்க முடியாது அல்லவா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கார்லோஸ் காரணமாக ரத்தானவை சில. அதில் சேராத வழக்குகளிலும் பேர்ட் எதிர்த் தீர்ப்பு எழுதினார். 1981-இல் ராபர்ட் ஆல்டன் ஹாரிஸ் வழக்கில் பெரும்பான்மை தண்டனையை உறுதி செய்தது, பேர்ட் செய்யவில்லை. சட்டக் காரணம் எழுதித்தான் மறுத்தார். ஆனால் 61 தடவையும் காரணம் ஒரே திசையில் போனால் வாசகனுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

#6 | சென்ட்ரல் வேலி

எல்லாரும் மரண தண்டனையிலேயே நிற்கிறீர்கள். ஃப்ரெஸ்னோ பக்கம் இருப்பவன் என்பதால் வேறு கதை சொல்கிறேன். பேர்டுக்கு எதிரிகள் முளைத்தது நீதிமன்றத்தில் இல்லை, வயலில்.

இங்கே லெட்யூஸ், சர்க்கரை பீட் வயல்களில் களை எடுக்கவும் செடி கலைக்கவும் ஒரு குட்டைக் களைக்கொட்டு கொடுப்பார்கள். மெக்சிகோக்காரர்கள் 'எல் கோர்டிட்டோ' என்பார்கள். பிடி இரண்டடிக்கும் குறைவு. நாள் முழுக்க இடுப்பை மடித்துக்கொண்டுதான் அதைப் பிடிக்க முடியும். நீளப் பிடி போட்டால் செடி வெட்டுப்படும் என்று முதலாளிகள் காரணம் சொல்வார்கள். நிஜக் காரணங்களில் ஒன்று, குனிந்திருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், நிமிர்ந்தவன் மேஸ்திரி கண்ணில் பட்டுவிடுவான். முப்பது வயதில் முதுகு போனவர்கள் எத்தனையோ பேர். கலிஃபோர்னியா கிராமப்புறச் சட்ட உதவி அமைப்பு வழக்குப் போட்டு, 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம் சாதகமாகச் சொன்னது, அதே வருஷம் தடை வந்தது. அப்போது விவசாயம், சேவைகள் துறைச் செயலாளராக உட்கார்ந்திருந்தது பேர்ட்.

அதே 1975-இல் விவசாயத் தொழிலாளர் உறவுச் சட்டம். சங்கம் வைக்கவும் ரகசிய ஓட்டுப் போட்டு எந்தச் சங்கம் என்று முடிவு செய்யவும் வயல்காரனுக்கு உரிமை கிடைத்தது. பெரிய தோட்டக்காரர்களையும் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் ஆட்களையும் ஒரே சட்டத்துக்குச் சம்மதிக்க வைத்ததில் பேர்டின் கை பெரியது. இந்தப் பள்ளத்தாக்கில் நிலம் வைத்திருந்தவர்கள் அதை மறந்துவிடுவார்களா? 1977-இல் நியமனம் வந்தபோதே எதிர்ப்பு கிளம்பியது. ஆணையத்தில் 2-க்கு 1 என்றுதான் தேறினார்.

1986 பிரசாரத்துக்கு விவசாயப் பணம், எண்ணெய்ப் பணம், இன்சூரன்ஸ் பணம் எல்லாம் வந்தது. டிவியில் மட்டும் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் வந்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மரண தண்டனை மேல் என்ன அக்கறை என்று கேட்டுப் பாருங்கள்.

#7 | ரசம்சாதம்

> டிவியில் மட்டும் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் வந்தார்கள்

அவங்க நடிகர்கள் இல்ல. உண்மையிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவங்க. பணம் எங்கிருந்து வந்தாலும் அவங்க கோபம் அவங்களுடையது. அதையும் சதின்னு ஒதுக்கிட்டா எப்படி?

#8 | சென்ட்ரல் வேலி

கோபத்தை ஒதுக்கவில்லை. அதை யார் காசு கொடுத்து ஒளிபரப்பினார்கள் என்றுதான் கேட்டேன். இன்சூரன்ஸ் விஷயத்துக்கு ஒரு உதாரணம். 1979-இல் ராயல் குளோப் வழக்கில் இதே நீதிமன்றம், விபத்தில் அடிபட்டவர் எதிராளியின் இன்சூரன்ஸ் கம்பெனி இழுத்தடித்தால் அந்தக் கம்பெனி மீதே வழக்குப் போடலாம் என்றது. பேர்ட் போனபின் 1988-இல் புதிய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. போட்ட முதல் வசூலாகிவிட்டது.

#9 | அல்லிக்கொடி

ஒரு பெண்ணாக இதைப் படிக்கிறப்ப உறுத்துற விஷயம் வேற. "முன்னே நீதிபதியாக இருந்ததில்லை" என்பதை இன்னிக்கும் குறையாச் சொல்றாங்க. அதே நீதிமன்றத்தின் பெருமையாகக் கொண்டாடப்படுற ரோஜர் டிரெய்னர் 1940-ல வந்தப்ப பெர்க்லி பேராசிரியர், நீதிபதி இல்ல. எர்ல் வாரன் கவர்னரா இருந்து நேரா அமெரிக்கத் தலைமை நீதிபதி ஆனார். அவங்களுக்கு மட்டும் "பரந்த அனுபவம்", இவங்களுக்கு "அனுபவமின்மை"யா?

அடுத்தது குணம். கடுமையானவர், சந்தேகப்படுறவர், யாரையும் கிட்டே சேர்க்காதவர். இருக்கலாம். 1976-ல மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்சு அறுவை சிகிச்சை. அது திரும்பத் திரும்ப வந்தது. அதோட அத்தனை வருஷம் அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க. எனக்குக் கடுமையைவிட அந்த விடாப்பிடிதான் கண்ணுக்குத் தெரியுது.

#10 | பே ஏரியா வாசி

அல்லிக்கொடி, டிரெய்னர் ஒப்பீடு பொருத்தமானது. ஆனால் டிரெய்னர் இணை நீதிபதியாக 24 வருஷம் இருந்துவிட்டு 1964-இல்தான் தலைமைக்கு வந்தார். பேர்ட் உள்ளே நுழைந்த அன்றே தலைமை. வருஷக்கணக்காக அங்கே உட்கார்ந்திருந்த மூத்தவர்களுக்கு மேல். வீட்டுக்கு வந்த புது மருமகள் கையில் முதல்நாளே சாவிக்கொத்தைக் கொடுத்தது மாதிரி. உரசல் வராமல் என்ன செய்யும்?

அந்த உரசல் சீக்கிரமே வெடித்தது. 1978 நவம்பரில் முதன்முறையாக மக்கள் முன் போனார், 51.7 சதவீதம், மயிரிழை. வாக்குப்பதிவு நாளன்று காலை லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. துப்பாக்கியோடு குற்றம் செய்தால் கட்டாயச் சிறை என்ற சட்டத்தை நீதிமன்றம் தளர்த்திவிட்டது, ஆனால் தேர்தல் முடியட்டும் என்று தீர்ப்பை வெளியிடாமல் வைத்திருக்கிறது என்று. டானர் வழக்கு. 1979-இல் நீதிபதிகள் நடத்தை ஆணையம் பகிரங்க விசாரணையே வைத்தது. ஒரு மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒவ்வொருவராகச் சாட்சிக் கூண்டுக்கு வந்து, யார் வரைவை எப்போது யாருக்கு அனுப்பினார்கள் என்று சொல்ல வேண்டிய நிலை. மாஸ்க் பகிரங்கமாகச் சாட்சி சொல்ல மறுத்து வழக்குப் போட்டு ஜெயித்தார். கடைசியில் யார் மீதும் குற்றச்சாட்டு வைக்காமல் முடித்தார்கள். டானர் தீர்ப்பும் மறுவிசாரணையில் தலைகீழானது.

குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனால் நீதிமன்றத்தின் உள்ளறை தெருவுக்கு வந்துவிட்டது. 1986-க்கு விதை அங்கேதான் என்பது என் எண்ணம். அதே 1978 பேலட்டில்தான் புரொபோசிஷன் 7-ம் இருந்தது என்பதையும் கவனியுங்கள். அந்தச் சட்டத்தையும், அதைப் படித்துப் பொருள் சொல்லப்போகும் நீதிபதியையும் மக்கள் ஒரே நாளில் தேர்ந்தெடுத்தார்கள்.

#11 | புலிக்குட்டி

நல்ல இழை. அவங்க மரண தண்டனை தவிர வேற எதுவும் செஞ்சாங்களா?

#12 | பே ஏரியா வாசி

நிறைய. கேம்பல் ஊரில் புரூன்யார்ட் மால் தெரியுமில்லையா? நம்மாட்கள் வார இறுதியில் போய் உட்காரும் இடம்தான். அங்கே பள்ளி மாணவர்கள் ஒரு மேசை போட்டு மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். செக்யூரிட்டி விரட்டிவிட்டான். 1979-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 4-3 என்று மாணவர்கள் பக்கம் நின்றது. மால் தனியார் சொத்தாக இருந்தாலும் மக்கள் கூடுகிற இடம், மாநில அரசியல் சட்டப்படி அங்கே பேச உரிமை உண்டு என்றது. நால்வரில் பேர்ட் ஒருவர். 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இன்றைக்கும் கலிஃபோர்னியா மால் வாசலில் யாராவது கையெழுத்து கேட்டு மறித்தால் அதற்கு அடிப்படை அந்த வழக்குதான். (கையெழுத்துக் கேட்டு மறிப்பவர்களை எனக்குப் பிடிக்காது, அது வேறு.)

#13 | ரசம்சாதம்

சரி, 1986-க்கு வருவோம். பிரசாரத்தை அவர் நடத்தின விதம் அவருக்கே எதிரா வேலை செஞ்சது. தேர்தல் ஆலோசகர்கள் வேண்டாம்னுட்டார். விளம்பரத்துல வந்து முதுகெலும்புள்ள நீதிபதி வேணும்னார். மரண தண்டனை பத்தி ஜனங்க கேட்ட நேர்க் கேள்விக்கு நேர்ப் பதில் வரல. கவர்னர் டியூக்மேஜியன் இவரை எதிர்க்கிறதையே தன் பிரசாரத்துல ஒரு பகுதியாக்கிட்டார். முடிவு என்ன? மூணுல ரெண்டு பங்கு ஜனம் 'இல்லை'. கூடவே குரூஸ் ரெய்னோசோ, ஜோசப் கிரோடின் ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போனார். அவங்க 61-க்கு 61 ஆட்கள் இல்லையே?

#14 | கறுப்புக்கோட்டு

நேர்ப் பதில் எப்படிச் சொல்வது? அதுதான் இந்த முறையின் அடிப்படைச் சிக்கல். வரப்போகும் வழக்கில் எப்படித் தீர்ப்பேன் என்று ஒரு நீதிபதி மேடையில் சொன்னால் அந்த வழக்கில் உட்காரும் தகுதி போய்விடும். எதிர்ப்பவர் என்ன வேண்டுமானாலும் பேசலாம், நீதிபதி பேச முடியாது. கை கட்டப்பட்டவரைக் களத்தில் இறக்கிவிட்டு, சண்டை போடத் தெரியவில்லை என்கிறீர்கள்.

ரெய்னோசோ, கிரோடின் பற்றி நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் பலம். ஒவ்வொருவரின் தீர்ப்பையும் பார்த்து மக்கள் முடிவெடுத்தார்கள் என்றால் அவர்கள் தப்பியிருப்பார்கள். அதே பேலட்டில் இருந்த மாஸ்க், லூகாஸ், பனெல்லி தப்பினார்கள். ஜெர்ரி பிரவுன் நியமித்த மூவர் மட்டும் போனார்கள்.

ஒரு பழைய கணக்கும் உண்டு. 1972-இல் இதே நீதிமன்றம் மரண தண்டனையையே மொத்தமாக ரத்து செய்தது. 107 பேர் தண்டனை குறைந்தது, கொலைகாரக் கும்பலின் தலைவன் சார்லஸ் மேன்சன் உட்பட. எழுதியவர் தலைமை நீதிபதி டொனால்ட் ரைட், ரொனால்ட் ரீகன் நியமித்தவர். மக்கள் அந்த நவம்பரிலேயே அரசியல் சட்டத்தைத் திருத்தி முடிவை மாற்றினார்கள். நீதிபதியைத் தொடவில்லை. அது ஒழுங்கான வழி. சட்டம் பிடிக்கவில்லையா, சட்டத்தை மாற்று.

1986-க்குப் பிறகு மற்ற மாநிலங்கள் பாடம் படித்துக்கொண்டன. 1996-இல் டென்னசியில் நீதிபதி பென்னி ஒயிட் இதே மாதிரி போனார், மரண தண்டனை வழக்கு ஒன்றுக்காகவே. 2010-இல் அயோவாவில், ஒருபாலினத் திருமணத்தை அனுமதித்த தீர்ப்புக்காக மூன்று நீதிபதிகள். அயோவா தீர்ப்பு ஏகமனதானது, பேலட்டில் அந்த வருஷம் யார் பெயர் வந்ததோ அவர்கள் போனார்கள்.

#15 | ரசம்சாதம்

1972 உதாரணம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பேர்ட் காலத்துல மக்கள் சட்டத்தை மாத்தித்தான் இருந்தாங்க. மாத்தின பிறகும் தண்டனை நிறைவேறலைன்னா அடுத்து எதை மாத்துவாங்க? ஆளைத்தான்.

#16 | சென்ட்ரல் வேலி

ஆளை மாற்றினார்கள். அப்புறம் என்ன ஆச்சு? புதிய தலைமை நீதிபதி லூகாஸ் காலத்தில் தண்டனைகள் பெரும்பாலும் உறுதியாயின. இருந்தும் முதல் ஆள், மேலே சொன்ன அதே ஹாரிஸ், கொல்லப்பட்டது 1992-இல். 1978 சட்டத்துக்குப் பிறகு இதுவரை 13 பேர், கடைசி 2006-இல். 2019-இல் கவர்னர் நியூசம் நிறுத்திவைத்தார். பேர்ட் போய்விட்டால் எல்லாம் நடக்கும் என்று சொல்லித்தானே ஓட்டு வாங்கினார்கள்?

#17 | ரசம்சாதம்

13-க்குக் காரணம் ஃபெடரல் கோர்ட்டும் விஷ ஊசி வழக்குகளும். அதையும் பேர்ட் கணக்குல நல்லதாச் சேர்க்காதீங்க.

#18 | அல்லிக்கொடி

அதுக்கப்புறம் அவங்க என்ன ஆனாங்கன்னு யாரும் சொல்லலையே. பெரிய சட்ட நிறுவனம் எதுவும் கூப்பிட்டு வச்சுக்கல. பாலோ ஆல்ட்டோவுல அம்மாவைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கிழக்குப் பாலோ ஆல்ட்டோவுல ஏழைகளுக்கான ஒரு சட்ட உதவி மையத்துக்குத் தன்னார்வலராப் போயிருக்காங்க, யாருன்னு சொல்லிக்காம. ஜெராக்ஸ் எடுக்கிற வேலை கொடுத்திருக்காங்க, எடுத்திருக்காங்க. பிறகுதான் அங்கிருந்தவங்களுக்கு இவங்க யாருன்னு தெரிஞ்சிருக்கு. 1999 டிசம்பர்ல அதே புற்றுநோய்ல போனாங்க. 63 வயசு.

#19 | புலிக்குட்டி

அந்த புரொபோசிஷன் 7 எழுதினவங்க இப்ப என்ன சொல்றாங்க? சும்மா தெரிஞ்சுக்கக் கேட்கிறேன்.

#20 | கறுப்புக்கோட்டு

நல்ல கேள்வி. அதை வரைந்த வக்கீல் டொனால்ட் ஹெல்லர் பிற்காலத்தில் மனம் மாறி மரண தண்டனையை ஒழிக்கப் பிரசாரம் செய்தார். பிரிக்ஸின் மகன் ரான் பிரிக்ஸும் 2012-இல் அதே மேடைக்கு வந்தார். மரண தண்டனையை ஒழிக்கும் அந்த வருஷ புரொபோசிஷன் 34 தோற்றது, 2016-இல் அதே நோக்கத்துடன் வந்த புரொபோசிஷன் 62-ம் தோற்றது. ஆக ரசம்சாதம் சொல்லும் மக்கள் தீர்ப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதை நான் மறைக்கப்போவதில்லை.

#21 | சென்ட்ரல் வேலி

இந்த இழையில் ரெய்னோசோ பெயர் ஒரு வரியில் போய்விட்டது. ஆரஞ்சுத் தோப்பில் வேலை செய்த குடும்பம், பதினொரு பிள்ளைகளில் ஒருவர், கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தின் முதல் லத்தீனோ. குட்டைக் களைக்கொட்டு வழக்கை நடத்திய அந்தச் சட்ட உதவி அமைப்புக்கு அதற்கு முன் இயக்குநர். தோற்றபின் யூசிஎல்ஏ, யூசி டேவிஸ் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தினார். 2000-இல் ஜனாதிபதி கிளின்டன் கையால் சுதந்திரப் பதக்கம் வாங்கினார். அவருக்குத் தனி இழை தொடங்குகிறேன், ரசம்சாதம் அங்கேயும் வந்துவிடுங்கள்.

#22 | ரசம்சாதம்

வர்றேன். அவர் போட்ட மரண தண்டனை ஓட்டுகள் பட்டியலை முதல் பதிவுலயே போட்டுடுங்க, இல்லேன்னா நான்தான் கேட்பேன்.